லெட்டர்மேனுக்குத் தெரியுமா, தெரியாதா?

கானாடுகாத்தான்காரன்:
ஹாலிவுட் நடிகர் ஹோக்கின் ஃபீனிக்ஸ் நடிப்பை விட்டதாக நாடகமாடியதைக் காட்டும் ‘ஐயம் ஸ்டில் ஹியர்’ படத்தைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: யாருமே ஏமாறவில்லையாம், அமெரிக்க டிவியில் இரவு நிகழ்ச்சி நடத்திய லெட்டர்மேனுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடிப்பை விட்டு ராப் பாடப் போகிறேன் என்று ஹோக்கின் ஃபீனிக்ஸ் 2008-இல் அறிவித்தார். 2009 பிப்ரவரியில் காடு மாதிரித் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக லெட்டர்மேன் எதிரே உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் முனகினார். உங்கள் வீட்டுக்கு நான் வந்து சூயிங்கம் மெல்லட்டுமா என்று லெட்டர்மேன் சீண்டியதும், வாயிலிருந்ததை எடுத்து மேசைக்கு அடியில் ஒட்டினார். ஒத்திகை பார்த்தா அதை ஒட்டுவார்கள்?

தேவகோட்டைத் தமிழன்:
எழுதியவன் நான்தான். தெரியும். 1982 முதல் இரவு நிகழ்ச்சி நடத்தியவரை ஒரு தாடி ஏமாற்றிவிடுமா? அவருடைய நிகழ்ச்சிக்கு எழுதியவர்களில் ஒருவரே அவருக்குத் தெரியும் என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

கானாடுகாத்தான்காரன்:
படத்தை எடுத்த கேசி அஃப்லெக், எல்லாம் நடிப்பு என்று 2010 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒப்புக்கொண்டார். லெட்டர்மேனுக்குத் தெரியாது என்றும் அவரே சொன்னார். சமைத்தவர் சொல்வதை விட்டுவிட்டு இலை போட்டவரிடம் பக்குவம் கேட்கிறீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பிகளா, இதை ஆவணப்படம் என்பதா, கதைப்படம் என்பதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்காரன்:
அது இருக்கட்டும் ஆச்சி. அதே 2010 செப்டம்பரில் தாடியை மழித்துவிட்டு லெட்டர்மேனிடம் திரும்பி வந்த ஃபீனிக்ஸ், உங்களைப் புண்படுத்தவில்லை என்று நம்புகிறேன் என்றார். தெரிந்த ஆளிடம் எதற்கு அந்தப் பேச்சு? எதிரே இருந்தவர் நிஜமாகவே திணறினார். படத்துக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

தேவகோட்டைத் தமிழன்:
லெட்டர்மேன் கோபப்படவில்லையே, அதைப் பார்க்கவில்லையா? ஏவி.எம். ஸ்டூடியோ இருந்த ஊர்க்காரனுக்குச் சினிமா சொல்லித்தர வேண்டாம்.

காரைக்குடி வாசகர்:
நிறுத்துங்கள். ஏவி.எம். ‘நாம் இருவர்’ படம் எடுத்த இடம் தேவகோட்டை ரஸ்தா. அது காரைக்குடியை ஒட்டியது. பெயரில் ஊர் இருந்தால் உங்கள் ஊராகிவிடுமா?

தேவகோட்டைத் தமிழன்:
பெயர் எங்கள் ஊருடையது. அது போதும்.

கானாடுகாத்தான்காரன்:
இவர் எப்போதும் இப்படித்தான். தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுகிறார்கள் என்று போன வருடம் சாதித்தவர். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். சொன்னேன், இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது லெட்டர்மேன்.

தேவகோட்டைத் தமிழன்:
கல்லை ஏன் இழுக்கிறீர்கள்? பதில் இல்லை, அதனால்தான்.

கானாடுகாத்தான்காரன்:
பதில் மேசைக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாது.

தேவகோட்டைத் தமிழன்:
தெரியும்.

காரைக்குடி வாசகர்:
ரஸ்தாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.