எஃப்.யூ.டி.யா, எஃப்.யூ.இ.யா, டி.எச்.ஐ.யா? முடி மாற்றுச் சிகிச்சை அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:

முடி மாற்றுச் சிகிச்சை பற்றி விசாரிக்கத் தொடங்கும் எவரையும் முதலில் குழப்புவது பெயர்கள்தாம். எஃப்.யூ.டி., எஃப்.யூ.இ., பயோ எஃப்.யூ.இ., சஃபையர், டி.எச்.ஐ., ரோபோட்டிக் என்று விளம்பரங்களில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், கடைசியாக வந்தது எதுவோ அதுவே சிறந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடும். சென்ற ஆண்டு இச்சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில், முடிவெடுப்பதற்கு எனக்கு உதவிய ஒரு தெளிவை இங்கே பகிர விரும்புகிறேன்.

பிடரியிலிருந்து முடிவேரை எடுப்பதற்கு இரண்டே வழிகள்தாம் உள்ளன. தோலை ஒரு நீண்ட பட்டையாக வெட்டியெடுத்துத் தையல் போட்டுவிட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒன்று முதல் நான்கு முடிகள் வரை கொண்ட கொத்துகளாகப் பிரிப்பது எஃப்.யூ.டி.; இந்தக் கொத்துகளைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பட்டையே எடுக்காமல், ஏறத்தாழ 0.8 முதல் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள பஞ்ச் கருவியால் ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாகத் துளைத்தெடுப்பது எஃப்.யூ.இ. மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின்மேல் ஏற்றப்பட்ட சிறு மாற்றங்களே. சஃபையர் என்பது நடுவதற்கான துளையை இடும் கத்தியின் முனை எதனால் ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. டி.எச்.ஐ. முறையிலும் முடியை எடுப்பது எஃப்.யூ.இ. வழியில்தான், நடும்போது மட்டும், தென்கொரியாவில் சோய் என்ற மருத்துவர் உருவாக்கி 1992இல் வெளியிட்ட பேனா போன்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பயோ எஃப்.யூ.இ. என்றால் கூடவே பி.ஆர்.பி. ஊசியும், அதாவது நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள் செறிந்த திரவத்தையும், போடுகிறார்கள் என்று பொருள். ரோபோட்டிக் முறையில் துளைக்கும் வேலையை எந்திரக் கை செய்கிறது. அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் அனுமதி அளித்தது.

நான் தேர்ந்தெடுத்த மருத்துவர் முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, தோலையும் முடியையும் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியை என் பிடரியிலும் காதுக்கு மேலும் வைத்து, அங்குள்ள முடிகளெல்லாம் ஒரே தடிமனாக இருக்கின்றனவா, மெலிந்தவை கலந்திருக்கின்றனவா என்று திரையில் காட்டிக்காட்டிப் பார்த்தார். பிடரி முடியே மெலிந்துகொண்டிருந்தால், அதை முன்னால் கொண்டுபோய் நட்டாலும் நிலைக்காது என்பது அவர் சொன்ன காரணம். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதிய கட்டுரை முதல் இந்தச் சிகிச்சை நிற்பதே இந்த ஒரு கருத்தின்மேல்தான்: இடம் மாறினாலும் முடி தான் பிறந்த இடத்தின் குணத்தையே காட்டும். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் எடுக்கக்கூடிய கிராஃப்ட்கள் சராசரியாக 6000 அளவில்தான் இருக்கும் என்றும், முன்நெற்றிக்கே அனைத்தையும் செலவழித்துவிட்டால் பிற்காலத்தில் உச்சி வழுக்கையானபோது கையிருப்பு இருக்காது என்றும் என் மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மற்ற இடங்களில் எந்த முறை என்ற பேச்சே மேலோங்கியிருந்தது. இந்தக் கையிருப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு எஃப்.யூ.இ. வழியில் ஏறத்தாழ 2200 கிராஃப்ட்கள் எடுத்து, நெற்றியிலும் நடுத்தலையிலும் நட்டார்கள். மரத்துப்போவதற்கான ஊசிதான் வலித்தது. அதன்பிறகு காதருகே மோட்டாரின் சன்னமான இரைச்சல் மட்டுமே. எடுத்த கிராஃப்ட்கள் குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணிமேல் பத்துப் பத்தாக வரிசை கட்டிக் கிடந்ததையும், ஒற்றை முடி உள்ளவற்றைத் தனியே ஒதுக்கி, அவற்றை மட்டும் நெற்றியின் முதல் வரிசைக்கு வைத்துக்கொண்டதையும் இடைவேளையில் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபின் நெற்றி வீக்கம் மெல்ல இறங்கிக் கண்ணிமை வரை வந்தது; தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்க வேண்டியிருந்தது. நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து உதிரத் தொடங்கியபோது, முன்பே சொல்லியிருந்தும் மனம் கலங்கத்தான் செய்தது. நான்காம் மாதத்தில் முளை தெரிந்தது. ஓராண்டில் முழு வடிவம் வந்தது.

மதுரை உறுப்பினர்:

தம்பி விளக்கியது சரியே. நான் 2008இல் பட்டை முறையில் செய்துகொண்டவன். இன்றைய விளம்பரங்களின்படி அது பழைய முறை. எனக்கு நட்ட முடி இன்றும் அப்படியே இருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்துப் பிரிப்பதால் வேர் அறுபடுவது குறைவு என்பதையும், பிடரியின் மிக உறுதியான நடுப்பகுதியிலிருந்தே முடி கிடைக்கிறது என்பதையும் இந்த முறையைக் குறை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒன்றை யோசித்தே ஆக வேண்டும். காதிலிருந்து காது வரை ஒரு கோட்டுத் தழும்பு நிரந்தரமாக இருக்கும். முடியைச் சற்று வளர விட்டால் தெரியாது, பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் பளிச்சென்று தெரியும். எங்கள் குடும்பத்தில் நேர்த்திக்கடன் அடிக்கடி வரும்; தகப்பனார் காலமானபோதும் மொட்டை போட்டுக்கொண்டேன். நட்ட முடி மீண்டும் நன்றாகவே வளர்ந்தது, அதில் ஐயம் வேண்டாம். தழும்பைப் பார்த்த உறவினர்களுக்குத்தான், தலையில் என்ன அடி பட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம், விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எஃப்.யூ.இ. முறையில் தழும்பே கிடையாது என்று சொல்வதும் முழு உண்மையன்று. கருத்த தோலில் வெண்புள்ளிகள் விழும், ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்துவிட்டால் பிடரி அந்துப்பூச்சி அரித்த துணிபோலாகும். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் எந்த முறையானாலும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கோவை உறுப்பினர்:

பெண்களின் அனுபவம் இங்கே குறைவாக இருப்பதால் எழுதுகிறேன். சிறுவயது முதல் இழுத்து இறுக்கிப் பின்னியதால் என் நெற்றியோரங்கள் ஏறிப்போயிருந்தன. டி.எச்.ஐ. செய்துகொண்டால் மழிக்கவே தேவையில்லை என்று ஓரிடத்தில் உறுதியாகச் சொன்னார்கள். பிடரியில் எடுக்கும் இடத்தை மட்டுமாவது மழிக்க வேண்டியிருக்கும் என்பது மேலும் கேட்டபிறகே வெளிவந்தது. அந்தப் பேனாவுக்கு ஒரு நன்மை உண்டு: ஏற்கெனவே இருக்கும் முடிகளுக்கு இடையில், சாய்வு பிசகாமல் நடுவதற்கு அது வசதி. ஆனால் எனக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கைக்குப் பட்டை முறையே ஏற்றது என்று தோல் மருத்துவரான இன்னொரு அம்மையார் சொன்னார். இடுப்பு வரை முடி உள்ளவருக்குப் பிடரித் தழும்பு ஒருநாளும் வெளியே தெரியப்போவதில்லை, பட்டை எடுக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் கத்தரிக்கவும் வேண்டாம் என்பது அவர் வாதம். அதையே செய்துகொண்டேன். தையல் பிரிக்கும்வரை கழுத்தைக் குனிந்தால் இழுத்துப் பிடித்ததைத் தவிர வேறு தொல்லை இல்லை.

அதற்கு முன் அவர் தைராய்டு பரிசோதனையும், உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொன்னார். வகிடு அகன்று தலை முழுவதும் மெலியும் பெண்களுக்குப் பிடரியும் சேர்ந்தே மெலிந்திருக்கலாம் என்பதால், அவர்களில் பலருக்கு அறுவைச் சிகிச்சையே பொருந்தாது என்றும் சொன்னார். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பின் கொத்துக்கொத்தாக உதிர்வது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மீளும். அதற்கும் கிராஃப்ட் விலை சொன்ன இடம் ஒன்றை என் தோழிக்குத் தெரியும்.

சேலம் உறுப்பினர்:

எனக்கு 23 வயது. செய்துகொள்ளாத அனுபவமும் இங்கே பயன்படும் என்று நினைக்கிறேன். திருமணத்துக்கு முன் நெற்றியைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினார்கள். என்னைப் பரிசோதித்த மருத்துவர் மறுத்துவிட்டார். வழுக்கை எதுவரை போகும் என்று இந்த வயதில் சொல்ல முடியாது, இப்போது முன்னால் நட்டால் பின்னால் உள்ள சொந்த முடி உதிர்ந்து நடுவில் தீவுபோல நிற்கும் என்று விளக்கி, முடி உதிர்வுக்கான மருந்துகளான மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராமும் எழுதித் தந்தார். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலுணர்வு குறையும் பக்கவிளைவு உண்டு என்பதையும் மறைக்காமல் கூறினார். உதிர்வு இப்போது நின்றிருக்கிறது. ஏற்கெனவே ஏறிய நெற்றி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

திருச்சி உறுப்பினர்:

சேலத்துத் தம்பிக்கு மறுத்துச் சொன்ன மருத்துவர் கிடைத்தது நல்லதாயிற்று. முறையைவிட முக்கியமானது கத்தியைப் பிடிப்பவர் யார் என்பது. 2016இல் சென்னையில் இச்சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்ததைப் பலர் மறந்திருக்கலாம். காணொளிகளையோ பயிலரங்குகளையோ பார்த்துக் கற்பது போதுமான பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. ஆகவே நான் பணம் கட்டுவதற்கு முன், மரத்துப்போகும் ஊசியை யார் போடுவார், பஞ்ச் கருவியை மருத்துவர் பிடிப்பாரா அல்லது டெக்னீஷியனா, ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், திடீரென்று இரத்த அழுத்தம் இறங்கினால் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். கட்டணத்தைக் கிராஃப்ட் கணக்கில் வாங்குவதால், ஒற்றை, இரட்டை, மும்முடி என எண்ணிக்கையைப் பிரித்து எழுதித் தரவும் கேட்டேன். ஒரே கொத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு கிராஃப்டாகக் கணக்கெழுதும் இடங்களும் உண்டு. முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார்கள். மற்றவர்களும் கேட்டுப் பார்த்திருந்தால், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.