எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176: மாற்றலாமா, கூடாதா?

கணக்குப்பிள்ளை:
குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 கணக்கெடுப்பில் நம்ம மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தா 176 வரும். 2022-ல் திரௌபதி முர்மு ஜெயிச்சதும் இந்தக் கணக்குலதான். நான் பொறக்கிறதுக்கு முந்தின தலைக்கணக்கு! மாத்த வேண்டாமா?

தாமிரபரணி:
வேண்டாம். அதே வகுத்தலை 2011 எண்ணை வச்சுப் போட்டுப் பாருங்க. தமிழ்நாடு 308, உத்தரப் பிரதேசம் 496, பீகார் 428. இப்போ இருக்கிறது 176, 208, 173. இன்னைக்கு பீகார் எம்.எல்.ஏ.வை விட நம்மாளுக்கு மூணு கூட. மாத்தினா 120 குறைச்சல். 'நாம் இருவர், நமக்கு இருவர்'னு சுவர் சுவரா எழுதினாங்க, நம்ம ஊர் கேட்டுச்சு. கேட்டதுக்குத் தண்டனையா?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, பீகார்ல பொறந்த பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு? மாநிலங்களுக்குள்ள ஒரே அளவுகோல் இருக்கணும்னு அரசியலமைப்போட 55-வது பிரிவே சொல்லுது. 1976-ல் 42-வது திருத்தம் வந்துதான் 1971-லேயே உறைய வச்சாங்க. 2001-ல் 84-வது திருத்தம் அதை 2026 வரைக்கும் இழுத்துச்சு. தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான்.

வக்கீல் குமாஸ்தா:
இருவரும் 234-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 234-ஐ 300 ஆக்கினாலும் மாநிலத்தின் மொத்த மதிப்பு ஏறக்குறைய அதேதான். வகுத்த எண்ணாலேயே திரும்பப் பெருக்குகிறோம். மொத்த மதிப்பில் ஏறக்குறைய பாதி எம்.எல்.ஏ.க்களுக்கு, பாதி எம்.பி.க்களுக்கு; தொகுதி மறுவரையறை கை வைக்கப்போவது எம்.பி.க்களின் பாதியில். 2022-ல் ஒரு எம்.பி. ஓட்டுக்கு 700. நம் 39 மக்களவை, 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு 39,900. எம்.எல்.ஏ.க்களின் 41,184-ஐச் சேர்த்தால் 81,084. நாட்டின் மொத்தம் 10,86,431. நம் பங்கு ஏழரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டு பக்கமும் சேர்ந்து கரையும்.

திருச்சிக்காரன்:
சார், 176-ஓ 308-ஓ, முதல்ல அந்த ஓட்டு யாருக்குப் போகுதுன்னு தெரியணும். மாநிலங்களவைத் தேர்தல்ல 2003-லேர்ந்து சீட்டைக் கட்சி ஏஜெண்ட்கிட்ட காட்டிட்டுத்தான் போடணும். இங்கே ரகசிய ஓட்டு, இவருக்குத்தான் போடணும்னு கட்சியோட கொறடா உத்தரவும் கிடையாது. இளஞ்சிவப்புச் சீட்டு, ஊதா மை பேனா, மறைப்புக்குள்ள போய் விருப்ப வரிசைப்படி 1, 2-ன்னு எழுதிட்டு வந்துடுறார். நான் ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள் என்ன எழுதினார்னு எனக்கே தெரியாது. (2022-ல் அந்தப் பெட்டிக்கு 'மிஸ்டர் பாலட் பாக்ஸ்'னு விமான டிக்கெட் போட்டு டெல்லிக்குக் கொண்டுபோனாங்க. பெட்டிக்கு இருக்கிற மரியாதை!)

தாமிரபரணி:
ரகசியம் இருந்ததாலதான் 1969 நடந்துச்சு. காங்கிரஸ் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனசாட்சிப்படி போடுங்கன்னு இந்திரா சொன்னாங்க. முதல் எண்ணிக்கையில் சுயேச்சை வி.வி. கிரிக்கு 4,01,515, பாதியைத் தாண்டலை. இரண்டாம் விருப்ப வாக்கெல்லாம் எண்ணி முடிச்சப்போ கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கொறடா கையில சாட்டை இருந்திருந்தா கிரி ஏது?

திருச்சிக்காரன்:
மனசாட்சியா, இந்திராவோட உட்கட்சிச் சண்டையா?

கணக்குப்பிள்ளை:
அது தனிப் பஞ்சாயத்து, இழையைத் திருப்பாதீங்க. தாமிரபரணி அண்ணே, 1971-ஐ அப்படியே வச்சிருக்கணும்னா நீங்கதான் புதுசா சட்டத்திருத்தம் கொண்டுவரணும். சும்மா இருந்தா 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வெளியானதும் மதிப்பு தானா மாறிடும்.

வக்கீல் குமாஸ்தா:
சரியாகச் சொன்னீர்கள். 55-வது பிரிவைத் தொட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். உ.பி.யும் பீகாரும் எதற்கு ஒப்புக்கொள்ளும்?

தாமிரபரணி:
அவங்க இல்லாமலே பாதி மாநிலம் தேறும். மூன்றில் இரண்டுதான் தேறாது. அது எனக்கும் தெரியுது. ஆனா கணக்கெடுப்பு 2027-ல், அடுத்த தேர்தலும் 2027 ஜூலையில். அதுக்குள்ள எண்ணிக்கை வெளியாகலைன்னா அப்பவும் 176-தான். அந்த ஒரு தடவை நான் ஜெயிச்சேன்னு வச்சுக்கோங்க.