மூணாவது படிக்கிற பையனுக்கு வாசிக்கப் பழக்க வழி சொல்லுங்க

குரூப்ல இருக்கிற அக்கா, அண்ணன், டீச்சர்மாருக்கு வணக்கம். நாங்க மதுரை ஒத்தக்கடை. பையன் மூணாவது. 247 எழுத்தையும் பாட்டு மாதிரி ஒப்பிப்பான், புத்தகத்தை விரிச்சா திணறுறான். ஸ்கூல்ல அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர்ற எண்ணும் எழுத்தும் வகுப்புல மத்த பிள்ளைங்க 'மொட்டு', 'மலர்'னு அடுத்தடுத்த நிலைக்குப் போக, இவன் இன்னும் முதல் நிலையான 'அரும்பு'தான்.

பஸ் தூரத்துல வரும்போதே 'ஆரப்பாளையம்'னு போர்டைச் சொல்லிருவான். எனக்கும் பெருமைதான். நேத்து அதையே சிலேட்டுல எழுதி, முன்பாதியைக் கையால மறைச்சேன். 'பாளையம்' வாசிக்க வரல! இத்தனை நாளா படம் பார்க்குற மாதிரிதான் பார்த்திருக்கான்.

கொம்பு வந்தா இன்னும் மோசம். 'கொடி'யில 'கெ'ன்னு ஆரம்பிச்சு, காலைப் பார்த்ததும் நின்னுடுறான். "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, சத்தம் மட்டும் ஏம்மா ஒண்ணு?"ங்கிறான். கேள்வி நியாயம்தான், எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல.

வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டிட்டு ராத்திரிதான் வருவார். நான் மல்லி கட்டிக்கிட்டே பக்கத்துல உக்கார வைக்கிறேன். கோவத்துல ஒருநாள் அடிச்சுட்டேன், அதுலேருந்து புத்தகத்தை எடுத்தாலே ஓடுறான். என் தப்புதான்.

உங்க பிள்ளைக்குக் கொம்பு எழுத்தை எப்படிப் பழக்கினீங்க? நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துல குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிட்டுப் போனவங்க, இவனை மாதிரி எழுத்துக்கூட்டுற பிள்ளைக்கு அங்க புத்தகம் இருக்கான்னு சொல்லுங்க. பெரிய எழுத்துல ரெண்டு வரிக் கதைப் புத்தகம் பழசு இருந்தாலும் வந்து வாங்கிக்கிறேன். டியூஷன் வைங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, கட்டுப்படியாகாது.