‘ஸாரி சொல்’ என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா?

பெரம்பூர் தாய்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், தன் வயதை ஒத்த ஒரு சிறுமியிடம், “உன் கவுன் பழசு, நீ எங்களோடு விளையாட வராதே” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அந்தச் சிறுமி பதில் எதுவும் சொல்லவில்லை. கவுனில் சாயம் போயிருந்த இடத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றாள். நான் விரைந்து போய் என் மகளின் தோளைப் பிடித்து, “ஸாரி சொல்” என்றேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு “ஸாரி” என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சிறுமி அழத் தொடங்கினாள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் இதைப் பற்றியே பேச்சு. மனத்தில் இல்லாததைச் சொல்லவைத்து நாம் பிள்ளைக்குப் பொய்யைத்தான் பழக்கினோம் என்கிறார் என் கணவர். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற ஆண்டவரின் வார்த்தையை அவர் எடுத்துக்காட்டுகிறார். முதலில் வாய் பழகட்டும், மனசு பின்னாலேயே வரும் என்கிறார் என் மாமியார், அவருக்கு நீதிமொழிகள் 22:6 துணை: “பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து.” இரண்டுக்கும் வேதத்தில் இடமிருக்கிறது, நான் நடுவில் நிற்கிறேன். பிள்ளை வளர்த்தவர்களும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

தாம்பரம் ஆசிரியர்:

சகோதரி, தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மாமியார் சொன்னதையே நானும் சொல்வேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று அது மழலையில் சொல்லும்போது, கடனாளி யார், மன்னிப்பு எது என்று அதற்குத் தெரியாது. பொருள் தெரியாமல் சொல்வதால் இது பொய் ஜெபம் என்று எந்தப் பெற்றோரும் நிறுத்திவிடுவதில்லை. அந்தச் சொல் உள்ளே போய்க் கிடக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, மன்னிக்கவே முடியாது என்று தோன்றும் ஒருவரை மன்னிக்க வேண்டிய நாள் வரும்போது, அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பாட்டியை “வாங்க” என்று அழைக்கும் பிள்ளை மரியாதைப் பன்மையின் இலக்கணத்தைப் படித்துவிட்டா அழைக்கிறது? வீட்டில் கேட்டு, வாய் பழகி அழைக்கிறது. மரியாதை என்ற உணர்வு அந்தச் சொல்லுக்குள் மெல்ல மெல்ல வந்து குடியேறுகிறது.

உங்கள் கணவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து” என்று மத்தேயு 5:24 சொல்கிறது. உன் மனம் இளகும்வரை காத்திரு என்று ஆண்டவர் சொல்லவில்லை. காயப்பட்ட பிள்ளைக்கு ஆறுதல் அன்றைக்கே தேவை.

ராயபுரம் சகோதரன்:

ஐயாவின் அனுபவத்தை மதித்தே மறுக்கிறேன். அந்தச் சிறுமி எப்போது அழுதாள் என்பதைச் சகோதரி எழுதியிருக்கிறார். “பழசு” என்று கேட்டபோது அவள் அழவில்லை. “ஸாரி” என்று கேட்டபிறகுதான் அழுதாள். அந்தச் சொல் தனக்காகச் சொல்லப்படவில்லை, தோளைப் பிடித்த அம்மாவுக்காகச் சொல்லப்பட்டது என்பது ஏழு வயதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது?

நம் சபைகளில் எபேசியர் 4:29 பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம்: “கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்.” கெட்ட வார்த்தை என்றதும் தெருவில் கேட்கும் வசவுச் சொற்களைத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும் அப்படியே நினைக்கிறோம். மூலக் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘சாப்ரோஸ்’ என்ற சொல். வலையில் அகப்பட்ட மீன்களைக் கரையில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்களே, மத்தேயு 13:48, அங்கே எறிந்துபோடப்படும் “ஆகாதவை”களுக்கும் அதே சொல்தான். அழுகியது, எதற்கும் உதவாதது என்பது அதன் பொருள்.

என் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்றவர். ஐஸில் கிடந்த மீன் மேலுக்குப் பளபளவென்றுதான் இருக்கும். அம்மா அந்தப் பளபளப்பைப் பார்க்கவே மாட்டார். கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால் கூடைக்குப் போகும், வெளுத்திருந்தால் ஒதுக்கிவிடுவார். “உன் கவுன் பழசு” என்ற வாக்கியத்தில் ஒரு வசவுகூட இல்லை, ஆனால் செவுள் வெளுத்துவிட்ட வாக்கியம் அது. “இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்” என்று மத்தேயு 12:34-இல் இருப்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில், ஆசிரியை என்னைக் கூப்பிட்டபோது “இன்னா டீச்சர்?” என்று கேட்டேன். வாய் சுத்தமில்லை என்று சொல்லி வெளியே நிற்கவைத்தார்கள். எங்கள் தெருவில் பெற்ற தாயையும் “வா, போ” என்றுதான் அழைப்போம். அதனால் அன்பில் ஒரு குறையும் வந்ததில்லை. அன்று என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் எல்லாரும் “எக்ஸ்கியூஸ் மீ” சொல்லத் தெரிந்தவர்கள். வாயிலிருந்து தொடங்கினால் நாம் வளர்ப்பது நாகரிகத்தையே என்ற அச்சம் எனக்கு அன்றிலிருந்து இருக்கிறது.

அம்பத்தூர் தந்தை:

இவ்வளவு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்று நீதிமொழிகள் 13:24 தெளிவாகவே சொல்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது தம்பியைத் திட்டினால் என் அப்பா வாயில் மிளகாய்த்தூள் வைப்பார். இரண்டாம் முறை திட்டத் துணிய மாட்டேன். இன்றைய பெற்றோர் கெஞ்சுவதால்தான் பிள்ளைகளின் நாக்கு நீண்டுவிட்டது.

தாம்பரம் ஆசிரியர்:

அம்பத்தூர் சகோதரருக்கு முதலில். மிளகாய்த்தூள் வைத்தபிறகு நீங்கள் தம்பியைத் திட்டவில்லை என்கிறீர்கள். அப்பாவின் காதுக்கு எட்டாத இடத்தில் என்ன பேசினீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். வகுப்பறையில் நான் கண்ட உண்மை அதுதான்: அடிக்குப் பயந்து அடங்கும் நாக்கு, ஆசிரியர் வெளியே போனதும் பக்கத்தில் இருக்கும் எளியவன் மேல் பாயும். “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” என்று கொலோசெயர் 3:21 உங்களையும் என்னையும் கட்டுப்படுத்துகிறது. பள்ளிகளைப் பொறுத்தவரை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது; வீட்டில் அதைவிடக் குறைந்த அளவுகோலைக் கிறிஸ்தவன் வைத்துக்கொள்ளலாகாது. “வாயில் சூடு வைப்பேன்” என்று மிரட்டும் பெற்றோரிடமிருந்து பிள்ளை எந்தப் பேச்சைக் கற்கும்? “நாவும் நெருப்புத்தான்” என்கிறார் யாக்கோபு. நாவினாற் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவரும் நமக்குச் சொல்லியிருக்கிறார்.

ராயபுரத்துத் தம்பிக்கு: உங்களை வெளியே நிறுத்தியது தவறு, அதை எந்த வசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நான் எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தியதில்லை. ஆனால் அப்படிப் பேசிய பிள்ளைகளை எல்லார் முன்னும் எழுப்பி, ‘சரியாக’ மறுபடி சொல்லவைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தது முதல் அது என்னை உறுத்துகிறது. பேச்சுவழக்கு வேறு, கடுஞ்சொல் வேறு என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆயினும் இருதயம் மாறட்டும், பிறகு சொல் வரட்டும் என்று விட்டுவிட்டால், பல பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வராமலே போய்விடும். மனைவியிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்காமல் முதிர்ந்துபோன ஆண்களை நம் சபைகளில் எத்தனை பேரைக் காட்டட்டும்? அவர்களில் பலருக்கு உள்ளே வருத்தம் உண்டு. சொல்லத்தான் வாய் பழகவில்லை. ஏழு வயதில் அரைமனதோடு சொன்ன “ஸாரி” பழுதுள்ளதுதான், ஆனாலும் அது பழக்கத்தின் தொடக்கம்.

ராயபுரம் சகோதரன்:

ஐயா, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன், நன்றி. ஆண்களைப் பற்றிச் சொன்னது என் வீட்டுக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் காட்டிய வசனம் “ஒப்புரவாகி” என்று சொல்கிறது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். பிள்ளையிடம் நாம் கேட்பதோ ஒருவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை மட்டும். வரி வசூலிப்பவரான சகேயுவைப் பாருங்கள். லூக்கா 19:8-இல் அவர் ஆண்டவரிடம், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில்தான் அவருடைய மனமாற்றம் தெரிகிறது. அந்தச் சிறுமியிடமிருந்து எடுக்கப்பட்டது விளையாட்டில் அவளுக்கு இருந்த இடம். ஆகவே “ஸாரி சொல்” என்பதற்கு முன்னால், “அவள் கைகளைப் பார், எதை மூடிக்கொண்டு நிற்கிறாள்?” என்று கேட்டிருக்கலாம்; “அவளை மறுபடி விளையாட்டில் சேர்க்க நீ என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும், வளாகத்தில் நாலு பேர் பார்ப்பார்கள், நமக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை முடித்துவைக்கத்தான் பெரும்பாலும் நாம் “ஸாரி சொல்” என்கிறோம்.

சகோதரி, மனம் நோகாமல் கேட்கிறேன். இத்தனை பதிவுகளிலும் நாம் எல்லாரும் உங்கள் மகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த இன்னொரு பிள்ளை யார்? பெயரை இங்கே எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

பெரம்பூர் தாய்:

பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியவில்லை, சகோதரரே. ஒரே ஆலயத்தில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறோம். அந்தப் பிள்ளை பாட்டியோடு வந்து பின்வரிசையில் உட்காருவாள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. என் மகளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, மறுநாளுக்கு உடுப்பு எடுத்துவைத்தபோது, மகள் தனக்குப் பிடித்த ஒரு பழைய சட்டையை நீட்டினாள். “இதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தால் யாரும் உன்னை மதிக்க மாட்டார்கள்” என்று நான்தான் சொன்னேன். அவள் வேப்பமரத்தடியில் பேசியது அந்த வாக்கியத்தின் மீதி. நேற்று அவளிடம் அதைச் சொல்லி, நான் அப்படிப் பேசியது தவறு என்று மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, சற்று நேரம் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அவளுக்குப் பாண்டி ஆடத் தெரியுமா அம்மா?” என்று கேட்டாள்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி “மன்னித்துக்கொள்” என்ற சொல்லையும் அவள் சொல்ல வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் தோளைப் பிடிக்கப்போவதில்லை. இந்த ஞாயிறு ஆராதனை தொடங்குவதற்கு முன்பே போய்ப் பின்வரிசையில் அந்தப் பாட்டிக்கு அருகில் உட்காருவது என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருக்கிறோம். பெயரை நானே கேட்பேன் என்கிறாள் மகள்.