“அடுத்தது எப்போ?” – மும்பைத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

முலுண்டிலிருந்து ஓர் அம்மா:

போன மாதம் எங்கள் சொசைட்டியில் ஒரு சீமந்தம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமி, எனக்கு ஒரே பெண், ஆறு வயது என்று தெரிந்ததும், “இன்னும் ஒண்ணு பெத்துக்கோம்மா, குழந்தையைத் தனியா விடக்கூடாது” என்றார். இது எனக்குப் பழகிப்போன பேச்சு. எதிர்வரிசையில் இருந்த பெரியவர் சொன்னதுதான் புதிது. “நம்ம ஆளுங்க ஒண்ணோட நிறுத்திக்கறாங்க. அதனாலதான் நாளைக்கு டெல்லியில நமக்கு சீட்டு குறையப்போகுது” என்றார். சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரை அல்ல.

அவரைச் சொல்லி என்ன செய்ய? மேடையில் கேட்டதைத்தான் அவர் சொன்னார். 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு, ஆந்திராவில் முதியவர்கள் பெருகுகிறார்கள், அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் ஸ்டாலின் ‘பதினாறும் பெற்று’ வாழ்த்தை நினைவுபடுத்தி, மக்கள்தொகைப்படி பிரித்தால் மக்களவைத் தொகுதிகள் குறையும் நிலையில் பதினாறு பிள்ளைகளே பெறலாமோ என்ற நிலை வந்துவிட்டது என்று பேசினார். டிசம்பரில் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், குறைந்தது மூன்று வேண்டும் என்றார். ஒருவருக்கு முதுமை, ஒருவருக்குத் தொகுதி, ஒருவருக்குச் சமுதாயம் அழிந்துவிடும் என்ற பயம். வேறு வேறு முகாம், வேறு வேறு காரணம், அறிவுரை மட்டும் ஒன்று. பிள்ளை பிறந்த பிறகு அதை யார் வளர்ப்பது என்று மூவரில் ஒருவரும் பேசியதாக நான் கேட்கவில்லை.

நான் இரண்டாவது வேண்டாம் என்று முடிவெடுத்த காரணத்தை இங்கே சொல்கிறேன். மகள் பிறந்தபோது சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. திரும்பி வந்தபோது என் வேலை வேறொருவர் கையில் இருந்தது. அந்த வருடம் சம்பள உயர்வும் இல்லை, “நீங்க பாதி வருஷம் இல்லையே” என்றார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் காப்பகம் என்று ஓர் அறை உண்டு, அதில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என் கணவர் அன்பானவர்தான். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து போன் எனக்குத்தான் வரும். லோக்கல் ரயிலில் கூட்டத்தில் நசுங்கியபடி நான்தான் திரும்பி ஓடுவேன். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் 88 நிமிடம் என்றும் வந்திருக்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்களிடம் யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

தாராவியிலிருந்து:

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் இந்தப் பேச்சு என்னையும் விடவில்லை.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாத்தாவோடு இங்கே வந்தவர். நிறையப் பெற்றார், சிலரைப் பறிகொடுத்தார். அம்மா இரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டார். நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் ஜனத்தொகை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது என் பக்கம் திரும்பி, “உங்க தாராவியில ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு இருக்குமே?” என்பார்கள். எங்கள் சந்தில் என் வயதுப் பெண்கள் யாருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் மகாராஷ்டிராவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 பிள்ளை, தமிழ்நாட்டில் 1.8. நாடு முழுவதற்கும் 2.0. நாங்கள் பெற்றால் நாட்டுக்குப் பாரம், வசதியுள்ளவர்கள் பெறாவிட்டால் நாட்டுக்கு ஆபத்து என்கிறார்கள். இரண்டையும் ஒரே வாய் சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடுவாயா என்று கேட்டார்கள். விடமாட்டேன் என்றேன். “அப்போ பிள்ளையை யாரு பார்ப்பா?” என்று பையனின் அத்தை கேட்டார். “ரெண்டு பேரும் பார்ப்போம்” என்றேன். பையன் வாயே திறக்கவில்லை. அவன் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

செம்பூர், பிரசவ வார்டில் வேலை செய்யும் செவிலியர்:

நான் பார்த்த ஒன்றை எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது பிரசவம், ரத்தம் மிகக் குறைவு. இப்போதைக்கு இவருக்கு ஆபரேஷன் வேண்டாம், கணவருக்குச் செய்துவிடலாம், சின்ன வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அம்மா முன்னால் வந்து, “என் பையன் மூட்டை தூக்கறவன், அவனுக்கு அதெல்லாம் ஆகாது” என்றார். உடம்பு தேறியதும் தானே வந்து செய்துகொள்வதாக அந்தப் பெண் சொன்னாள். அவளும் தினம் இரண்டு மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குகிறவள்தான்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் அதே சுற்றில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நம்பியிருப்பது தங்களுக்குச் செய்துகொண்ட ஆபரேஷனை. கணவருக்குச் செய்தது 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துப் பிடித்துச் செய்ததில் வந்த வெறுப்பு பெரிய வெறுப்பு. அதன்பின் அரசாங்கமே பெண்கள் பக்கம் திரும்பிவிட்டது. பெறாதே என்ற காலத்திலும் கத்தி எங்கள் மேல்தான் பட்டது. இப்போது பெறு என்கிறார்கள், அதுவும் எங்களிடம்தான்.

டோம்பிவிலியிலிருந்து ஓர் அப்பா:

முலுண்ட் சகோதரி சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தொகுதிப் பிரச்சினை வெறும் மேடைப்பேச்சு அல்ல. மக்களவைத் தொகுதிகள் மாநிலங்களுக்கு 1971 கணக்குப்படி பிரிக்கப்பட்டவை. 1976இல் 42-ஆவது திருத்தம் அதை அப்படியே நிறுத்தி வைத்தது. பிறகு 84-ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. டெல்லி சொன்னபடி பிறப்பைக் குறைத்த மாநிலம் அதற்காகவே பலம் இழப்பது அநியாயம், தமிழ்நாட்டின் 39 இடங்களுக்காக நானும் கவலைப்படுகிறேன். ஆனால் அந்தச் சண்டையை நாடாளுமன்றத்தில்தான் போட வேண்டும். இன்று பிறக்கும் குழந்தை ஓட்டுப் போட 18 வருடம் ஆகும். அதற்காக ஒரு பெண்ணைச் சாப்பாட்டுப் பந்தியில் கூசவைப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

என் அனுபவம் வேறு மாதிரி. மத்திய அரசு ஊழியர் என்றால் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியாரில் அப்படிச் சட்டமே இல்லை. மகன் பிறந்தபோது சேர்த்து வைத்திருந்த விடுப்பைக் கேட்டேன். மேலாளர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: “ஏன், வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா?” இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு வயிற்றில் தையல் போட்டிருக்கிறது என்றேன். விடுப்பு கிடைத்தது. ராத்திரி எழுந்து குழந்தைக்குத் துணி மாற்றியதில்தான் எனக்கு அவனோடு ஒட்டுதல் வந்தது. இரண்டாவது குழந்தை பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எடுத்தது என் மனைவி. நான் கேட்கவில்லை.

கோரேகாவிலிருந்து:

எனக்கு 34. வரன் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சொந்த வீடு உண்டா, பெற்றோர் கூட இருப்பார்களா, சம்பளம் எவ்வளவு, இதுதான் முதல் கேள்வி. எல்லாத் தப்பையும் ஆண்கள் தலையில் கட்டாதீர்கள். பெண்கள் கல்யாணத்தையே தள்ளிப்போட்டால் பிறப்பு குறையாமல் என்ன செய்யும்? தென்கொரியாவைப் பாருங்கள்.

முலுண்ட் அம்மா:

தம்பி, வீட்டு விலையை வைத்து ஆளை எடைபோடுவது வலிக்கும், உங்கள் வருத்தம் நியாயமானது. இந்த ஊரில் வீடு என்பது ஆண், பெண் இருவர் கழுத்தையும் நெரிக்கிறது. தென்கொரியாவையும் பார்ப்போம். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை. 2024இல் 0.75. குழந்தை பெற்றால் பணம், சலுகை என்று அரசு கொட்டிக் கொடுத்தும் அவ்வளவுதான் ஏறியது. அங்கேயும் வேலைக்குப் போகும் பெண்தான் வீட்டையும் சுமக்கிறாள். அந்தப் பெண்களைக் குறை சொல்லி எண்ணிக்கை உயரவில்லை. அடுத்த முறை பெண் வீட்டாரிடம், எனக்குச் சமைக்கத் தெரியும், குழந்தைக்காக விடுப்பு எடுப்பேன் என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள். தாராவித் தங்கை எழுதியதைப் படித்தீர்கள்தானே?

மாட்டுங்காவிலிருந்து ஒரு பாட்டி:

எனக்குப் பேரக்குழந்தை ஆசை நிறைய உண்டு, மறைக்கவில்லை. என் மருமகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் “நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்கிறார்கள். என் ஆசைக்காக அவள் உடம்பைக் கேட்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர் இதற்கெல்லாம் முன்னோடி, தெரியுமா? 1921இலேயே ர. தோ. கார்வே என்ற சீர்திருத்தவாதி இங்கே கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். அவர் பத்திரிகை மீது ஆபாச வழக்கு வந்தபோது 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். அதே காலத்தில் நம் பக்கத்தில் பெரியார், கருத்தடை வேண்டும் என்றார். நாட்டில் ஜனம் பெருகிவிட்டது என்பதற்காக இல்லை, பெண்ணுக்கு விடுதலை வேண்டும் என்பதற்காக. அவர் நாட்டுக்கணக்கை முதலில் வைக்கவில்லை. இப்போது மேடை ஏறுகிறவர்கள் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள்.

டோம்பிவிலி அப்பா:

முலுண்ட் சகோதரிக்கு, அந்த நாற்காலி அறை விஷயம் மனதில் நிற்கிறது. குழந்தையைப் பார்க்க அம்மாவை ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போக விட வேண்டும் என்றும் அதே திருத்தத்தில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அம்மாக்களும் அப்பாக்களும் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டோம், நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினோம். இப்போது காப்பகம் நடக்கிறது. அந்தக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் இங்கேயே போடுகிறேன்.

முலுண்ட் அம்மா:

அவசியம் போடுங்கள் அண்ணா. எனக்கு இனி பயன்படாது. ஆனால் எங்கள் பிரிவில் இரண்டு பெண்கள் இப்போது கர்ப்பமாக இருக்கிறார்கள். அவர்களோடு, அவர்கள் கணவர்களிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.