ஒரே ஆட்களிடம் இரண்டு தரம் எடுத்த புள்ளிகளுக்கு எந்தச் சோதனை?

பொகவந்தலாவைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். உளவியல் இறுதியாண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் 34 பெண்களோடு எட்டு வாரம் குழு அமர்வு நடத்தினேன். பெப்ரவரியில் தொடங்கும்போது ஒருதரம், ஏப்ரலில் முடித்தபோது ஒருதரம் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாக்கொத்தை நிரப்பினோம் (புள்ளி கூடினால் சோர்வு அதிகம்). முதலில் இடையம் 9, பிறகு 6. எஸ்.பி.எஸ்.எஸ் புள்ளிவிவர மென்பொருளில் இரண்டு சாரா மாதிரிகளுக்கான, அதாவது வெவ்வேறு ஆட்கள் உள்ள இரண்டு குழுக்களுக்கான டி சோதனை போட்டேன், பி பெறுமதி 0.08. கூட்டாளி சொன்னாள் என்று, செவ்வன் பரம்பல் (மணி வடிவப் பரம்பல்) தேவைப்படாத மான்-விட்னி சோதனை போட்டேன், 0.06. சூப்பர்வைசர் "செவ்வன் பரம்பலா என்று பார்த்தீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். 0.05க்குக் கீழே வருகிற சோதனை எது?

பழைய டியூட்டரிக்காரன்:
தங்கச்சி, அந்தக் கடைசி வரியை முதலில் அழியுங்கள். பரீட்சகர் கண்ணில் பட்டால், விடையைப் பார்த்துச் சோதனை தேடினீர்கள் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வறுத்து எடுத்துவிடுவார்.

நீங்கள் போட்ட இரண்டு சோதனையும் 34 பெண்களை 68 பேர் என்று நினைத்துக்கொள்கின்றன. எப்போதும் 18இல் நிற்கிற அக்காவும் எப்போதும் 3இல் நிற்கிற அக்காவும் ஒரே கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்கு இடையிலுள்ள தூரத்திலேயே உங்கள் மாற்றம் அமுங்கிப்போகும். ஒவ்வொருவருக்கும் பின்புள்ளியிலிருந்து முன்புள்ளியைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்கள்தான் உங்கள் தரவு. செவ்வன் பரம்பலா என்று பார்ப்பதும் அவற்றில்தான், மூலப் புள்ளிகளில் இல்லை. சரியாக இருந்தால் சோடி டி சோதனை, இல்லாவிட்டால் வில்கொக்சன் குறித்தர வரிசைச் சோதனை. 1945இல் அதை எழுதியவர் ஓர் இரசாயனவியலாளர், அதனால் பயப்படாமல் போடுங்கள். 10உம் அதற்கு மேலும், 10க்குக் கீழ் என்று ஆட்களைப் பிரித்துப் பார்க்கிற ஆசை இருந்தால் சோடிகளுக்கான மக்னிமார் சோதனை, வெவ்வேறு ஆட்களுக்கான கை வர்க்கச் சோதனை வேண்டாம்.

எல்லாம் சரி, யாருடைய தாள் எது என்று தெரியுமா?

பொகவந்தலாவைப் பிள்ளை:
அங்கேதான் அண்ணா மாட்டிக்கொண்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து நிரப்பினோம், வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். பேர் போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நானே பேர் வேண்டாம் என்றேன். வயது, லயத்து (வரிசை வீட்டு) எண், பிள்ளைகள் எத்தனை என்பது மட்டும் இரண்டு தாளிலும் இருக்கிறது. இரவு முழுக்க உட்கார்ந்து பொருத்தியதில் 27 சோடி தேறியது. மிச்சம் 7 குழப்பம்.

மலைக்காற்று:
அந்த 7ஐ ஊகத்தில் சேர்க்காதீர்கள். விட்டுவிட்டு, விட்டதை ஆய்வில் எழுதுங்கள். சோடி சேர்த்ததும் லயத்து எண்ணை அழித்துக் குறியீடு போடுங்கள். வயதும் லயமும் பிள்ளைக் கணக்கும் சேர்ந்தால் தோட்டத்தில் அது பேர் எழுதியதற்குச் சமம்.

தராசில் 12 கிலோ கொழுந்து 6 கிலோவின் இரட்டிப்பு. பி.எச்.கியூவில் 12 எடுத்தவர் 6 எடுத்தவரைப் போல இரண்டு மடங்கு கவலையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. நானாக இருந்தால் வில்கொக்சன்தான். டி சோதனை போடுகிறவர்களும் நிறைய, அதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொன்று. பெப்ரவரியில் வெயில், கொழுந்து இல்லை, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஏப்ரலில் மழை விழுந்து கூடை நிறைந்திருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல், குறைந்தது உங்கள் அமர்வாலா மழையாலா என்று எந்தச் சோதனையும் சொல்லாது.

அப்புறம், ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பார்த்தீர்களா? செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பைக் கேட்கிற கேள்வி.

பொகவந்தலாவைப் பிள்ளை:
கூட்டித்தான் பார்த்தேன், தனியாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் தாள்களைப் புரட்டினேன். ஏப்ரல் தாளில் இரண்டு பேர் "பல நாட்கள்" என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் என் 27க்குள் இருக்கிறார். மற்றவர் அந்த ஏழில்.

மலைக்காற்று:
இப்போதே சூப்பர்வைசருக்குக் கோல் எடுங்கள், விடியும்வரை பார்க்காதீர்கள். யாரையும் தனியாகக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்காமல், 34 பேருக்கும் தேசிய மனநல உதவித் தொலைபேசியான 1926 இலக்கத்தைக் கொடுங்கள்.

பொகவந்தலாவைப் பிள்ளை:
பேசிவிட்டேன். காலையில் அவரும் வருகிறார். பிரட்டுக்கு முன்னால், ஆறு மணிக்கே மலைக்குப் போகிறோம். வில்கொக்சன் பிறகு.