வில்லைத்தொடர், வில்லைக்காட்சி: ஒரு சொல் போதாது

அன்பு நண்பர்களே,

'ஸ்லைடு ஷோ'வுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று ஒரே மூச்சில் படித்தேன். நழுவுக்காட்சி, படவில்லைக்காட்சி, சட்டகத்தொடர், படவரிசை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எதுவும் எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். பெட்டியில் கிடந்த அட்டாரி போர்ட்ஃபோலியோ என்ற பழைய கைக்கணினியை வெளியே எடுத்து, மூன்று பேட்டரி போட்டு, அதில் ஓடும்படி ஒரு சின்ன ஸ்லைடு ஷோவை முதலிலிருந்து கடைசிவரை நானே செய்து பார்த்தேன். பவர்பாயிண்டில் செய்தால் எல்லாம் மூடியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. 1989-இல் வந்த இந்தக் கைக்கணினியில் ஒளிக்க இடமே இல்லை. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கைக்கு வரும். செய்து முடித்தபோது, நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், தேவைப்படுவது இரண்டு என்று பட்டது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். திரையில் குறுக்கே 240 புள்ளிகள், நெடுக்கே 64. கறுப்பு அல்லது வெறுமை, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு பைட்டில் 8 புள்ளி அடங்கும். ஆக ஒரு வரிசைக்கு 30 பைட்டு, 64 வரிசைக்கு 1920 பைட்டு. அந்தக் கருவியின் பி.ஜி.எஃப். படக்கோப்பைத் திறந்து பார்த்தால் தலைப்பு, முகப்பு என்று எதுவுமே இருக்காது. சரியாக 1920 பைட்டு, திரையை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல. மொத்த நினைவகம் 128 கிலோபைட்டு. அது முழுவதையும் படத்துக்கே கொடுத்தாலும் 68 படத்துக்கு மேல் கொள்ளாது. நிரலுக்கும் இடம் விட வேண்டுமே. அதனால்தான் பி.ஜி.சி. என்ற சுருக்கிய வடிவமும், அசையும் படத்துக்கு பி.ஜி.எக்ஸ். என்ற வடிவமும் வந்தன.

என் காட்சியின் முதல் படத்தில் 'வணக்கம்' என்று மட்டும் வைக்க நினைத்தேன். அந்த இயந்திரம் எழுத்தைக் காட்டும் முறை, வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 8 வரி. அதாவது ஓர் எழுத்துக்கு 6 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். மூன்று சுழி ண-வை அதில் அடைத்துப் பாருங்கள். ஒரு சுழி சுழியாகத் தெரிய நடுவே ஒரு புள்ளியாவது வெற்றாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கோடு வேண்டும். பக்கத்துச் சுழியோடு கோட்டைப் பங்கு போட்டுக்கொண்டாலும் மூன்று சுழிக்கு 7 புள்ளி ஆகிவிடும். கட்டமோ 6. ஆகவே தமிழை எழுத்தாக வைக்க வழியில்லை, படமாகத்தான் வரைய வேண்டும். கட்டத்தாள் எடுத்து ஒவ்வொரு புள்ளியாகக் கறுப்பாக்கி, எட்டெட்டாகப் பிரித்து, பைட்டாக்கி, அச்சுப்பொறிக்கான இணைப்பு வழியே ஏற்றினேன். அந்த ண திரையில் சுழி கெடாமல் வந்து நின்றபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன்.

> ஸ்லைடு என்றால் நழுவுவது. ஆகவே 'நழுவுக்காட்சி'தான் நேரான சொல்.

ஆங்கிலச் சொல்லின் வேருக்கு இது நேர்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருளுக்கு நேரா என்று பாருங்கள். பழைய மாய விளக்குகளில் கண்ணாடித் தகடுகளை ஒரு சட்டத்தில் பொருத்தி விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே பக்கவாட்டில் தள்ளுவார்கள். அந்தத் தள்ளலிலிருந்து வந்த பெயர் அது. பின்னால் 1960-களில் கோடாக் நிறுவனத்தின் கரோசல் போன்ற வட்டத்தட்டுக் கருவிகள் வந்தபோதே அந்த நழுவல் போய்விட்டது. தட்டு ஒரு படி சுழலும், மேலே இருக்கும் படம் தன் எடையில் கீழே விழும், அவ்வளவுதான். கைக்கணினியிலோ நழுவவும் இல்லை, விழவும் இல்லை. 1920 பைட்டு இருந்த இடத்தில் வேறு 1920 பைட்டு வந்து உட்காருகிறது. மூலப்பொருளே கைவிட்ட அசைவை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? இன்னொன்று, 'நழுவுதல்' என்று நம் காதில் விழும்போது கைநழுவிப் போனது, பேச்சிலிருந்து நழுவினார் என்ற நிழல்தான் கூடவே வருகிறது. ஒன்றை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் காட்டும் செயலுக்கு அது ஒட்டாது.

'சட்டகம்' நல்ல சொல். ஆனால் அதை அனிமேஷன் எனும் அசைவூட்டத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. அசைவூட்டத்தில் ஒரு சட்டகம் கண்ணில் தங்காது, அடுத்ததோடு கலந்துதான் பொருள் தரும். நாம் பேசுவது தனியாக நின்று பொருள் தரும் படம்.

அப்படியானால் 'வில்லை'. நான் இதற்கு எதிராகத்தான் இருந்தேன். ஒளிப்பட நிலையங்களில் சட்டம் போட்டுக் கொடுத்த பிலிம் துண்டைச் சொல்ல வந்த பெயர், கணினிக்கு எதற்கு என்று நினைத்தேன். இந்தப் போர்ட்ஃபோலியோ வேலைதான் மனத்தை மாற்றியது. சந்தன வில்லை, மருந்து வில்லை, பழைய நாளில் அலுவலகச் சின்னத்தை அணிந்து நின்ற வில்லைச் சேவகன், இவற்றில் எல்லாம் வில்லை என்பது தட்டையான, சிறிய, அளவெடுத்துச் செய்த ஒரு துண்டு. ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். எந்தப் படமானாலும் 240-க்கு 64, எந்தப் படமானாலும் 1920 பைட்டு என்று அடுக்கி வைத்தபோது, இதைவிட அச்சான வில்லை எங்கே இருக்கிறது என்று தோன்றியது. 1996-இல் பைலட் என்ற பெயரில் வந்த பாம் பைலட் கைக்கணினியிலும் இதே கதைதான். 160-க்கு 160, கறுப்பு வெள்ளையில் ஒரு திரை 3200 பைட்டு. அங்கே வில்லை சதுரம், இங்கே நீள்சதுரம்.

ஆனால் 'படவில்லை' என்ற சேர்க்கை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை யாரும் சொல்லாததால் விரித்தே எழுதுகிறேன். தமிழில் 'படவில்லை' ஏற்கெனவே ஒரு முழுச் சொல். கண்ணில் படவில்லை, கை படவில்லை. அதைவிட, செயப்பாட்டு வினையை மறுக்கும்போது பெரும்பாலும் இதில்தான் முடியும். ஒரு மென்பொருளைத் தமிழாக்கும்போது திரையில் வரப்போகும் அறிவிப்பை எண்ணிப் பாருங்கள்: 'படவில்லை சேமிக்கப்படவில்லை.' 'மூன்றாம் படவில்லை காட்டப்படவில்லை.' படிப்பவர் ஒரு நொடி நின்று, திரும்பப் படித்துத்தான் புரிந்துகொள்வார். கலைச்சொல் என்பது அகராதியில் தனியே கிடப்பதற்கா? வாக்கியத்துக்குள் போய் வேலை செய்ய வேண்டும். அறிவிப்பில், பட்டியில், உதவிக் குறிப்பில் எல்லாம் போட்டுப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் உறுதி செய்யக்கூடாது.

'வில்லை' தனியே நின்றால் இந்தச் சிக்கல் இல்லை. 'வில்லை சேமிக்கப்படவில்லை' என்பதில் முதல் சொல்லை எதிர்மறை வினையாகப் படிக்க வழியில்லை, கண் தடுமாறாது.

> எங்கள் பாடநூல்களில் வில்லை என்றால் லென்ஸ். குவிவுவில்லை, குழிவுவில்லை என்று படித்து வளர்ந்தவர்களுக்குக் குழப்பம் வராதா?

இலங்கை நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது, தள்ளிவிட்டுப் போக மாட்டேன். ஒரு கருவியில் ஒளிப்படக்கருவியும் இருந்து, அதன் வில்லையைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுத நேர்ந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். அங்கே மட்டும் 'காட்சிவில்லை' என்று முழுதாக எழுதலாம். காட்சி பெயர்ச்சொல், அதோடு வில்லை சேரும்போது எதிர்மறை வினையின் சாயல் விழாது. முதன்முறை காட்சிவில்லை, அப்புறம் வில்லை. இது அவருக்கும் ஏற்குமா என்று அவரே எழுத வேண்டும்.

இப்போது அந்த இரண்டு சொல் விஷயம். படங்கள் தயாரானதும் இயந்திரத்தோடு வரும் உரைத்தொகுப்பியைத் திறந்து ஒரு கோப்பு எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு படத்தின் பெயர், அது எத்தனை நொடி நிற்க வேண்டும், மாறும்போது என்ன ஒலி எழ வேண்டும். நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த குறுநிரல் அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்து ஓட்டும். 11 வரிகள் எழுதினேன். நான் ஆக்கியது அதைத்தான். அது படம் இல்லை, காட்சியும் இல்லை. ஒழுங்கு, அடுக்கு, தொடர். பார்க்கிறவருக்கு அந்தக் கோப்பு தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது ஓடும்போது நடப்பது மட்டும். ஆங்கிலத்தில் ஸ்லைடு ஷோ என்ற ஒரே பெயர் இரண்டையும் குறிக்கிறது. நாமும் அப்படியே செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக்கி வைப்பது வில்லைத்தொடர். ஓட்டிக் காட்டுவது வில்லைக்காட்சி.

இது வெறும் நுணுக்கம் என்று தோன்றினால் ஓர் எடுத்துக்காட்டு. கைக்கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த இயக்குதளமான விண்டோஸ் சி.இ.-யின் இரண்டாம் பதிப்போடு கைக்கணினிகளில் பாக்கெட் பவர்பாயிண்ட் வந்தது. மேசைக்கணினியில் செய்த கோப்பை அதில் ஏற்றிக் காட்டலாம், புதிதாக ஒன்றைச் செய்ய முடியாது. 'அந்தக் கருவியில் ஸ்லைடு ஷோ வசதி உண்டு' என்று எழுதினால் பாதி உண்மைதான். நம் சொற்களில் எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும்: அதில் வில்லைக்காட்சி உண்டு, வில்லைத்தொடர் ஆக்க முடியாது.

> ஒற்றை ஒலியை வைத்துக்கொண்டு 'பல்லூடகம்' என்பது மிகையில்லையா?

மிகையில்லை என்றே நினைக்கிறேன். பல்லூடகம் என்பது ஒலியின் தரத்தைப் பற்றிய சொல் இல்லை, ஊடகங்கள் சேர்வதைப் பற்றியது. போர்ட்ஃபோலியோவில் பேச்சையோ பாட்டையோ பதிந்து வைக்க முடியாது, வெறும் தொனிகள்தாம். ஆனால் அந்தத் தொனிகளைக் கொண்டே முகவரிப் பட்டியலில் உள்ள எண்ணைத் தொலைபேசிக்குச் சொல்ல அதனால் முடிந்தது. தொலைபேசியின் ஒலிவாங்கியைக் கருவியின் ஒலிபெருக்கிக்கு அருகே பிடித்தால் போதும், எண் சுழன்றுவிடும். படம், அசைவு, எழுத்து, தொனி நான்கும் ஒரே தொடரில் நேரம் பார்த்து வருகிறபோது அது பல்லூடக வில்லைத்தொடர்தான்.

கையடக்கக் கணினியா, கைக்கணினியா என்ற கிளை விவாதத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. மடிக்கணினிக்கு இணையாகக் கைக்கணினி சுருக்கமாக இருக்கிறது, அதையே எழுதுகிறேன். உள்ளங்கைக் கணினி என்பது பாம் பைலட்டுக்குப் பொருந்தும், போர்ட்ஃபோலியோ உள்ளங்கையில் நிற்காது.

கடைசியாக, கேட்கப்படாத ஒரு சொல்லையும் முன்வைக்கிறேன். ஒரு வில்லை போய் இன்னொன்று வரும் விதத்துக்கு 'நிலைமாற்றம்', 'பெயர்வு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். என் காட்சியில் மூன்று விதம் வைத்தேன். ஒன்று, இடது ஓரத்திலிருந்து பைட்டு பைட்டாகப் புதுப்படம் பரவும், 30 படி. இரண்டாவது, இரு ஓரங்களிலிருந்தும் கிளம்பி நடுவில் சந்திக்கும், 15 படி. மூன்றாவது, மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும், 64 படி. மூன்றாவதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை நினைவுக்கு வந்தது. மாதவி ஆடும் அரங்குக்கு இளங்கோவடிகள் மூன்று திரை சொல்கிறார்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்திலிருந்து வருவது, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது, மேலே மறைந்திருந்து இறங்குவது. நான் கட்டத்தாளில் கணக்குப் போட்டு எழுதிய மூன்றும் பெயரோடு அங்கே காத்திருக்கின்றன. இப்படிப் பொருந்தும் சொல் கிடைத்த பிறகு புதிதாக ஒன்றைச் செய்யக் கை வரவில்லை. எழினி என்றே வைத்துக்கொள்வோமா? பட்டியில் 'எழினியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று போட்டுப் பார்த்தேன், இடறவில்லை. 'எழினி இல்லாமல் காட்டு' என்பதும் சரியாக வருகிறது.

ஒவ்வொரு வில்லையும் திரையில் நிற்கும் நேரத்துக்குத் 'தங்குநேரம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தும்வரை நிற்கும் வில்லைக்கு இது பொருந்தவில்லை, அதற்கு நேரம் என்றே ஒன்று இல்லை. அந்த நிலைக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். எழுதும்போது ஒரு மென்பொருள் அறிவிப்பு வரியில் அதைப் பொருத்தியே அனுப்புங்கள்.

அன்புடன்